பின்பக்கத்து இடது பெட்டி

பிப்ரவரி 4, திங்கள்

டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். இருபத்தெட்டு, வியாழக்கிழமை. நல்ல நேரம் பார்த்தீர்களா என்று கேட்டேன். "தியேட்டர் காலியா இருக்கிற நேரம்தாம்மா எனக்கு நல்ல நேரம்" என்றார். மனிதர் தேறுவார்.

தைராய்டில் கட்டி. நெல்லிக்காய் அளவு. கெட்ட ஜாதி இல்லையாம், இருந்தாலும் எடுத்துவிட வேண்டுமாம். அதை ஒட்டியே குரலுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது, சேமியா கனத்தில். "நூத்துல ரெண்டு மூணு பேருக்குக் குரல் மாறிப் போகலாம். உங்களுக்கு என்ன வேலை?"

"டப்பிங் ஆர்ட்டிஸ்ட்."

பேனாவைக் கீழே வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா! எந்த ஹீரோயினுக்கு?"

"கூட்டத்துக்கு."

பேனாவை எடுத்துக்கொண்டார்.

இவருக்கும் விளக்கவில்லை, இருபத்தாறு வருடத்தில் யாருக்கும் விளக்கிப் பயனில்லை. படத்தில் சந்தை, திருவிழா, ரயில் விபத்து, கட்சிக் கூட்டம் என்று எது வந்தாலும், திரையில் வாயை மட்டும் அசைக்கிற கும்பலுக்குச் சாலிகிராமம் ஸ்டூடியோ ஒன்றில் எட்டுப் பேர் நின்று கத்துவோம். எட்டுப் பேர் எண்ணூறு பேராவோம். "ஐயோ!", "பிடிங்க பிடிங்க!", "கொழந்த உள்ள இருக்கு!" எல்லாம் பங்கஜவல்லியாகிய நான்தான். நான் காப்பாற்றச் சொல்லிக் கத்திய குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமே கட்டலாம்.

வீட்டுக்கு வந்து காப்பி போட்டேன். குடித்து முடித்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "என்னங்க, கம்ப்யூட்டருக்கு ஒரு சவுண்ட் கார்டு வாங்கணும்."

"இப்போ எதுக்கு?"

"இப்போ வாங்காம எப்போ?"

நாத்தனார் துபாய்க்குப் போகும்போது நம் தலையில் கட்டிவிட்டுப் போன ஆறு ஸ்பீக்கர் செட் இரண்டு வருடமாகக் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. டிவியில் படம் பார்த்தால் நாயகன் குரல் கேட்கிறது, நாயகி குரல் கேட்கிறது, கழுதை குரல்கூடக் கேட்கிறது. எங்கள் குரல் கேட்பதில்லை. கூட்டத்தை எப்போதும் பின்பக்கப் பெட்டிகளில்தான் போடுவார்கள். அந்தப் பெட்டி பேசினால்தான் நான் பேசுவேன். பேசட்டும். என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்து, என்னை நான் ஒரு தடவை கேட்க வேண்டும்.

வேறு காரணம் ஒன்றும் இல்லை. வெறும் ஆசை.

பிப்ரவரி 6, புதன்

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் உதவியாளர். எதைச் செய்தாலும் நோட்டில் "நோக்கம்", "தேவையான பொருட்கள்" என்று தலைப்புப் போட்டுத்தான் செய்வார். இன்று கம்ப்யூட்டரைத் திறந்தார். தேவையான பொருட்கள்: திருப்புளி, பெயின்ட் பிரஷ், அளவுகோல். உள்ளே ஒரு பல்லி முட்டை ஓடும், ஒரு வாரத்துக்குப் பெருக்க வேண்டிய தூசும்.

முடிவு: கம்ப்யூட்டரின் பின்னால் ஒரே ஒரு பச்சை ஓட்டை. அதில் இரண்டு ஸ்பீக்கருக்கான சத்தம்தான் வரும். நாத்தனார் செட்டிலோ அந்த மாதிரி ஓட்டையே கிடையாது. எலிப்பொறிக் கதவு மாதிரி ஒரு குட்டிக் கதவு. அதற்குள் கம்பியில் மின்சாரம் போகாதாம், வெளிச்சம் போகுமாம். ஒரே வெளிச்சத்தில் ஆறு பெட்டிக்கான சத்தமும் பொடிப்பொடியாகப் போய், செட்டுக்குள் பிரியுமாம்.

"ஆக, கம்ப்யூட்டர்லயும் ஒரு எலிப்பொறி வேணும்" என்றேன்.

"டிஜிட்டல் ஆப்டிகல் அவுட்புட்" என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார்.

பிப்ரவரி 9, சனி

ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போனோம். ஒரு ஸ்கூட்டர் நுழையும் சந்தில் நான்கு ஸ்கூட்டரும் ஒரு கரும்புச்சாறு வண்டியும் இருந்தன. மாடிக் கடை ஒன்றில் சட்டைப் பையில் மூன்று ஸ்க்ரூடிரைவரைப் பேனா மாதிரி குத்திக்கொண்டு ஒருவர். பெயர் இலியாஸ். மூன்று கார்டை எடுத்து வைத்தார்.

முதலாவது கட்டைவிரல் அளவு. அட்டைப்பெட்டியில் எட்டு ஸ்பீக்கர் படம், ஒரு புலி படம்.

"இது நல்லா இருக்கே" என்றேன். புலிக்கு மயங்குகிற வயது.

"மேடம், பெட்டியில எழுதினதை நம்பாதீங்க. ரெண்டு ஸ்பீக்கர் சத்தத்தையே சுத்திச் சுத்தி விட்டு ஏமாத்தும். ஹெட்போன் போட்டு கேம் ஆடுற பசங்களுக்கு."

இரண்டாவதில் கலர் கலராக மூன்று ஓட்டை. மூன்று வயர் இழுத்து ஆறு ஸ்பீக்கருக்குப் பிரிக்கலாம். ஆனால் நம் செட்டில் அந்த மூன்று வயரைச் செருக இடமில்லை. மூன்றாவதில் எலிப்பொறிக் கதவு இருந்தது. கண்டதும் கும்பிடலாம் போல இருந்தது.

கடையில் ஒரு செட்டில் மாட்டிக் காட்டினார். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் "முன் இடது", "முன் வலது" என்று தன் இடத்தைச் சொல்லிக்கொண்டே போனது. என் வாய் சும்மா இருக்குமா?

"இந்தப் பொண்ணு ஒரே மூச்சுல எல்லாத்தையும் பேசி வெட்டி ஒட்டியிருக்காங்க. கடைசியில மூச்சு இல்ல பாருங்க. பாவம், சாப்பாட்டு நேரத்துல எடுத்திருக்கான்."

இலியாஸ் திரும்பக் கேட்டார். "ஆமா மேடம்! எட்டு வருஷமா தினம் கேக்கறேன், தோணவே இல்ல. நீங்க பாட்டு டீச்சரா?"

"கத்தறவ" என்றேன்.

வாங்கவில்லை. கார்டைச் செருகும் பள்ளம் நீளமா குட்டையா என்று இலியாஸ் கேட்டார். அளவுகோல் வைத்து எல்லாவற்றையும் அளந்த என் வீட்டுக்காரர் அதை மட்டும் அளக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் "முன் இடது, முன் வலது" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு மூச்சு இருக்கிறது.

பிப்ரவரி 10, ஞாயிறு

குட்டைப் பள்ளம் ஒன்று, நீளப் பள்ளம் இரண்டு. தொண்டையில் வலி ஏதும் இல்லை.

பிப்ரவரி 12, செவ்வாய்

ஓசூரிலிருந்து மகள் தமயந்தி போன்.

"அம்மா, அப்பா சொன்னாரு. ஆபரேஷனுக்கு ரெண்டு வாரம் இருக்கு, நீ ரிச்சி தெருவுல அலையறியா?"

"அலையல. தேர்ந்தெடுக்கறேன்."

"எல்லாம் முடிஞ்சு சாவகாசமா வாங்கக் கூடாதா?"

"முடிஞ்சப்புறம் வாங்கினா அது வேற பொருளுடி."

மூக்கை உறிஞ்சினாள். ஓசூரில் இன்னும் குளிர் விடவில்லை.

பிப்ரவரி 14, வியாழன்

எலிப்பொறி வாங்கிவிட்டோம். கார்டைப் பள்ளத்தில் வைத்து அவர் அழுத்தினார், இறங்கவில்லை. மெதுவாக, மெதுவாக என்று அவர் சொல்லச் சொல்ல நான் இட்லித் தட்டை அழுத்துவது போல ஓர் அழுத்து அழுத்தினேன். "டக்." நோட்டில் இது எழுதப்படவில்லை.

கதவைத் திறந்தால் உள்ளே சிவப்பாக ஒரு வெளிச்சம். வயரின் அடுத்த முனையிலும் அதே சிவப்பு. இரண்டு பேரும் குனிந்து மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

பெட்டிகளை நான்கு மூலையிலும் வைத்து, கம்ப்யூட்டரில் அவர் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் என் படங்களில் ஒன்றைப் போட்டோம். சந்தைக்குள் யானை புகும் காட்சி. அதில் மட்டும் நான் ஏழு விதமாக அலறியிருக்கிறேன். யானை முன்னால் பிளிறியது. பின்பக்கப் பெட்டிகள் ஊமை. காதை ஒட்டிக் கேட்டேன். ஒன்றுமில்லை.

"வெட்டிட்டாங்க" என்றேன். "பாவிங்க, என்னை வெட்டிட்டாங்க. யானையை விட்டுட்டு என்னை வெட்டிட்டாங்க."

அவர் இலியாஸுக்குப் போன் போட்டார். "சார், ஃபைல்ல எத்தனை சேனல்னு பாருங்க" என்றார் இலியாஸ். பார்த்தோம். இரண்டு. அடுத்த படம், இரண்டு. எல்லாப் படமும் இரண்டு.

என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் துருவினேன். விஷயம் வெளியே வந்தது. நாலு வருடம் முன்பு என் படங்களின் டிவிடியையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, இடம் மிச்சமாகட்டும் என்று ஆறு சத்தத்தையும் இரண்டாகச் சுருக்கிவிட்டார். சுருக்கிய பிறகு தட்டுகளை இரும்புக் கடையில் போட்டுவிட்டார்.

"ஏன் போட்டீங்க?"

"அதான் உள்ள இருக்கேன்னு..."

"உள்ள எங்க இருக்கு? நான் எங்க இருக்கேன்? முன்பக்கத்து சத்தத்துல அரைச்சுக் கரைச்சு விட்டுட்டீங்களே! இருபத்தாறு வருஷம் கத்தினவளைக் கெரசின் டின் மாதிரி நசுக்கிப் போட்டுட்டு, பச்சைப் புள்ள மாதிரி கண்ணாடி தொடைக்கிறீங்க!"

எதிர் பிளாட்காரர் பால்கனிக்கு வந்து பார்க்குமளவுக்கு நடந்தது. இவரோ போனை மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டும்போது அதில் விளையாடிக்கொண்டிருக்கிறாரோ என்று சந்தேகப்பட்டு எடுத்துப் பார்த்தேன். ஏதோ நிமிடம், நொடி என்று எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 15, வெள்ளி

அவருக்கு ரசம் ஊற்றினேன். பேசவில்லை.

பிப்ரவரி 17, ஞாயிறு

ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். கூட்டத்தில் என் சோடி. நான் "ஐயோ" என்றால் அவள் "அம்மா" என்பாள். இருபது வருடம் சேர்ந்து கத்தியதில் எந்த "ஐயோ" யாருடையது என்று எங்களுக்கே சண்டை வரும். அணை உடைந்து ஊர் முழுகும் ஒரு படத்தின் அசல் தட்டு அவளிடம் இருக்கிறது என்று தெரியும். நான் கேட்காமலே ஒரு தடவை அவளே சொல்லியிருக்கிறாள். அவள் வாயில் எதுதான் நிற்கும்.

"தர்றேன்டி. ஆனா நானும் வந்து பார்ப்பேன். எங்க வீட்ல டிவியைத் தவிர ஒண்ணும் பேசாது."

"வாயேன். தோசை போடறேன்."

"ஏன் வல்லி, திடீர்னு? வேலைக்குப் போனா வீட்டுக்கு வந்து அந்தப் பேச்சே எடுக்க மாட்டியே."

ஆபரேஷனைச் சொன்னேன். நரம்பைச் சொன்னேன். சேமியா என்றதும் சிரிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து போய்த் தட்டைத் தேட ஆரம்பித்தாள். அது மேசை மேலேயே இருந்தது. அலமாரிக்குள் தலையை விட்டு ரொம்ப நேரம் தேடினாள்.

பிப்ரவரி 20, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தட்டைப் போட்டதும் மறுபடியும் முன்னால் இரண்டு பெட்டிதான். அவர் அசரவில்லை. இலியாஸ் சொல்லியிருந்ததை நோட்டைப் பார்த்துச் செய்தார்: படம் ஓட்டும் மென்பொருள் தானே சத்தத்தைப் பிரித்துக் கலக்காமல், தட்டில் இருக்கிறபடியே வெளிச்சத்தில் அனுப்பச் சொல்லி ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அடித்தார். நாத்தனார் செட்டில் ஒரு நீல விளக்கு எரிந்தது. ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள்.

மழை முதலில் வந்தது. நம் வீட்டுக் கூடத்தில் நான்கு சுவரிலும் மழை. துணி காய்கிறதே என்று ஜெசிந்தா எழுந்தே விட்டாள். பிறகு அணை. ஆறாவது பெட்டி, அந்தப் பெரிய பெட்டி, வயிற்றுக்குள் உறுமியது. கூட்டம் ஓட ஆரம்பித்தது. பின்னால் வலது பக்கம் ஜெசிந்தா: "அம்மா! யம்மா!" பின்னால் இடது பக்கம், அவர் நாற்காலிக்கு நேர் பின்னே, அரை அடி தூரத்தில், நான்:

"ஏய் ஏகாம்பரம்! மேல ஏறுய்யா! ஏகாம்பரம்!"

என் வீட்டுக்காரர் சடாரென்று திரும்பிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் பெயர் ஏகாம்பரம்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் நான் அவர் பெயரைச் சொன்னதில்லை. என் மாமியார் இருந்த வீட்டில் புருஷன் பெயரைச் சொன்னால் கூரை விழும். மாமியார் காலமான பிறகும் பழக்கம் போகவில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடச் சீட்டைத்தான் நீட்டுவேன்.

"இது... என் பேரு" என்றார்.

நான் தோசை திருப்பப் போகிறேன் என்று எழுந்தேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. ஜெசிந்தாதான் போட்டு உடைத்தாள். "அண்ணே, உங்களுக்குத் தெரியாதா? கூட்டத்துல பேரு சொல்லிக் கத்தினாத்தான் நிஜமா இருக்கும். ஆளுக்கு ஒரு பேரு வெச்சிருப்போம். நான் எங்க வீட்டு ஓனரைக் கூப்பிடுவேன். இவ உங்களைத்தான். ஸ்டூடியோவுல எல்லாருக்கும் உங்களைத் தெரியும். ஏகாம்பரம் வந்தாரா, ஏகாம்பரம் பொழச்சாரான்னுதான் கேட்பாங்க."

"எத்தனை படத்துல?"

"எல்லாத்துலயும்ண்ணே."

அவர் கணக்கு வாத்தியார் மாதிரி யோசித்தார். "யானை வந்த படத்துல?"

"ஓடச் சொன்னேன்" என்றேன் சமையலறையிலிருந்து.

"ரயில் கவுந்ததே?"

"கையை நீட்டச் சொன்னேன்."

"கலவரம்?"

"அன்னிக்கு உங்க மேல கோவம். அங்கேயே கெடன்னு விட்டுட்டேன்."

மவுஸைப் பிடித்தார். பின்னால் ஓட்டினார். "ஏகாம்பரம்! மேல ஏறுய்யா!" மறுபடி. மறுபடி. பதினோரு தடவை. அணை பதினோரு தடவை உடைந்தது. ஜெசிந்தா தோசையை அவளே ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தவர் கேட்டார்: "நேர்ல ஒரு தடவை கூப்பிடேன்."

"நேர்ல என்ன வெள்ளமா வருது?" என்றேன்.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம். பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் வைக்க வேண்டாம் என்றார்.

பிப்ரவரி 24, ஞாயிறு

அவர் போனில் இடமே இல்லையாம். மெமரி கார்டு வாங்கி வந்தார். அப்படி எதைத்தான் சேர்க்கிறாரோ. நான் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசும்போதுகூடப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

எதற்கென்று நான் கேட்கவில்லை. பேரத்தை மட்டும் கொஞ்சம் நீட்டினேன்.

பிப்ரவரி 27, புதன்

ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. ஒரு தாளில் "குரல் மாற வாய்ப்புண்டு என்பதை அறிவேன்" என்று கையெழுத்து வாங்கினார்கள். அறிவேன், சம்மதிக்கவில்லை என்று எழுதலாமா என்றேன். அந்த நர்ஸுக்குச் சிரிக்க நேரமில்லை.

மார்ச் 4, திங்கள்

வீடு. கட்டி போயாயிற்று. கழுத்தில் ஒரு சங்கிலி அளவுக்குத் தையல்.

அந்த நூற்றில் இரண்டு மூன்று பேர் யார் என்று டாக்டருக்குச் சந்தேகமிருந்தால் என்னைப் பார்த்துக்கொள்ளலாம். மூக்கு வழியாகக் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தார். இடப்பக்கத்துக் குரல்நாண் அசையவில்லை. நரம்பு அறுபடவில்லை, அசந்து கிடக்கிறதாம். ஆறு மாதத்தில் எழுந்தாலும் எழும். "எழலைன்னா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பது எழுத்துக்காக. சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. டாக்டர் குனிந்து, "என்னம்மா?" என்றார்.

தமயந்தி வந்திருக்கிறாள். வீட்டில் எல்லோரும் என்னோடு சேர்ந்து கிசுகிசுக்கிறார்கள். அவர்களுக்கு என்ன கேடு? சத்தமாகப் பேசுங்கள் என்று நோட்டில் எழுதிக் காட்டினேன், கொட்டை எழுத்தில்.

மார்ச் 16, சனி

கூட்டத்துக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகிறவர் தணிகாசலம் அண்ணன். மாதத்துக்கு எட்டு முறை கூப்பிடுகிறவர் இந்த மாதம் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. ஜெசிந்தாவிடம் சொன்னாராம்: "வல்லி பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும். இத்தனை வருஷம் கத்தினது போதும்."

போதும் என்று சொல்ல இவர் யார்? என் தொண்டை சொல்லவில்லை. அது அசந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 29, வெள்ளி

பேச்சுப் பயிற்சி. "ம்" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை. டாக்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நல்ல நடிகர், டப்பிங்தான் சரியில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

ஒன்பது மணி கால்ஷீட் என்று ஜெசிந்தாவிடம் தெரிந்துகொண்டு, யாரும் கூப்பிடாமலே ஸ்டூடியோவுக்குப் போனேன். இவர் வாசல்வரை வந்து, "நான் உள்ள வரட்டுமா?" என்றார். வேண்டாம், உங்களை எல்லோருக்கும் தெரியும் என்றேன். காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்டுக்கொண்டார்.

தணிகாசலம் அண்ணன் என்னைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்தார். "வல்லி, என்னம்மா இது... சும்மா பார்க்க வந்தியா?"

தலையை ஆட்டி மறுத்தேன். உள்ளே போய் நின்றேன்.

கூட்டம் கத்தும்போது ஒரே மைக். பெரிய தொண்டைக்காரர்கள் பின்சுவரை ஒட்டி நிற்க வேண்டும், சின்னத் தொண்டைகள் முன்னால். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் இடம் சுவர். கால் தானாக அங்கே போனது. காட்சி ஓடியது. பேருந்து நிலையத்தில் தீ. ஜெசிந்தா "அம்மா!" என்றாள். நான் வாயைத் திறந்தேன். எட்டுப் பேரில் ஏழு பேர் குரல்தான் கேட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியர் புதுசு, அவினாஷ் என்று பெயர். நிறுத்தினார். "பின்னாடி நிக்கிற அக்கா வாய் அசையுது, லெவலே வரலியே?"

தணிகாசலம் அண்ணன் என் தோளைத் தொட்டார். "உட்காரும்மா. வந்ததே போதும்."

நான் உட்காரவில்லை. சுவரை விட்டு நடந்தேன். ஆறு பேரையும் ஜெசிந்தாவையும் தாண்டி, மைக்குக்குப் போனேன். உதடு படுகிற தூரத்தில் நின்றேன். மைக் இவ்வளவு கிட்டே எப்படி இருக்கும் என்றே இத்தனை வருடம் பார்த்ததில்லை. மெல்லிய கம்பி வலை, ஓரத்தில் யாரோ வெற்றிலை போட்ட கறை.

"ஏத்துங்க தம்பி" என்றேன். காற்றும் கரகரப்புமாக வந்தது. வந்தது.

அவர் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு குமிழைத் திருகினார். திருகிக்கொண்டே இருந்தார். பிறகு ஸ்பீக்கரில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கேக்குதுக்கா. ஆனா இவ்ளோ கிட்டக்க எடுத்தா உங்க குரல் கூட்டத்தோட கலக்காது. பின்னாடி போட முடியாது. நடுவுல தனியாத் தெரியும்."

"தெரியட்டும்" என்றேன்.

ஒலிப்பதிவின் சிவப்பு விளக்கு எரிந்தது.